பாம்பை அடிக்கச் சொன்னவன்

மண்ணை எப்படிச் சுரண்டுவது, பானை ஓட்டுக்கு எப்படி எண் போடுவது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதையெல்லாம் உங்களுக்குத் தொல்லியல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள், என்னைவிட நன்றாகவே. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, கட்டட வேலைக்கென்று விசா எடுத்து வளைகுடாவுக்குப் போனவன். ஆள் அனுப்புகிற கம்பெனி ஒருநாள் வண்டியில் ஏற்றி ஒரு குழியோரம் இறக்கிவிட்டது. அப்படித்தான் தொல்லியல் தோண்டலுக்குள் வந்தேன், அப்படித்தான் போர்மேனும் ஆனேன். இப்போது ஓய்வு பெற்று, முட்டிவலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் இரண்டு பேர் வந்து, "சார், உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, புதுசா வர்றவங்களுக்கு உதவும்" என்று கேட்டீர்கள். உதவுமா என்று தெரியவில்லை. கேட்டதற்காக எழுதுகிறேன்.

செய்த தப்புகளை வரிசையாக எழுதினால் ஒரு நோட்டு காணாது. ராஸ் அல் கைமாவில் முதல் வருடம், மண்கட்டிச் சுவர் எது வெறும் மண் எது என்று தெரியாமல் ஒன்றரை அடிச் சுவரை வெட்டி வாளியில் அள்ளிவிட்டேன். கல் குவாரித் தூசி அடித்துக்கொண்டிருந்த மதியத்தில், எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, பிறகு மறந்துபோனது. வேலை தெரியாமல் செய்கிற தப்பெல்லாம் அப்படித்தான், காலம் அதைத் தின்றுவிடும். நான் சொல்லப்போவது வேலை நன்றாகத் தெரிந்த பிறகு செய்தது. அதனால்தான் அது இன்னும் கூடவே இருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய நாலைந்து வருடங்களுக்குள் நடந்தது. அல் ஐனுக்கு வெளியே, மலையடிவாரத்தில் ஒரு தோண்டல். பூமிக்கடியில் கால்வாய் வெட்டி மலைத் தண்ணீரைத் தோப்புக்குக் கொண்டுவருவார்களே, அந்த ஊரில் அதை ஃபலஜ் என்பார்கள், அதன் வாய்க்குப் பக்கத்தில் மண்ணால் கட்டிய பழைய கட்டடம் ஒன்று புதைந்து கிடந்தது. மூவாயிரம் வருடத்துக்குக் குறையாது என்றார்கள். தோண்டியது ஒரு வெளிநாட்டுக் குழு. அதன் தலைவி ஐம்பது வயதுப் பெண்மணி. நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். என் கீழே பதினாலு பேர். பெரும்பாலும் ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள், வெயிலுக்கு அசராதவர்கள்.

மேடத்துக்கு ஒரே ஒரு கேள்விதான். இந்தக் கட்டடம் கோயிலா, வழக்குத் தீர்க்கிற கச்சேரியா, தலைவன் வீடா? டீ குடிக்கும்போது என்னையும் உட்காரவைத்து விளக்குவார். தண்ணீர் வந்தது, ஜனம் ஓரிடத்தில் தங்கியது. தங்கியதும் யார் வயலுக்கு முதலில் தண்ணீர் என்று சண்டை வந்தது. சண்டையைத் தீர்க்க ஒரு விதி வேண்டும். விதியைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் சொன்னால் மற்றவன் ஏன் கேட்க வேண்டும்? அதற்கு ஒரு சாமி வேண்டும். "உலகத்தில் எங்கே ஊர் தொடங்கினாலும் இந்த மூன்றும் ஒரே கட்டடத்துக்குள்தான் முதலில் குடியிருக்கின்றன. எது முந்தி வந்தது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை" என்பார்.

"எங்க கேம்ப் பாத்ரூம் கியூவும் இதே கதைதான் மேடம். சாமி மட்டும் இன்னும் வரல" என்றேன் ஒருமுறை. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். நல்ல மனுஷி. கோபம் வரும், ஆனால் வஞ்சம் வைக்க மாட்டார். நான் தொழிலில் கற்றுக்கொண்ட நல்லது பாதி அவரிடமிருந்து வந்தது.

ஒரு புதன்கிழமை மதியம், கட்டடத்தின் உள்ளறையில் சுவரோரமாக இருந்த மண் மேடையைச் சுற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். தோண்டல் சீசன் முடிய இரண்டே வாரம். மேடம் டவுனுக்குப் போயிருந்தார். மேடையோர மணலுக்குள்ளிருந்து ஒரு விரியன் தலையைத் தூக்கியது. ஆட்கள் அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள்.

இதற்கு ஒரு விதி இருந்தது. ஆபீஸ் கேபின் சுவரில் ஒட்டியே வைத்திருந்தார்கள். பாம்பைக் கண்டால் வேலையை நிறுத்து, ஆட்களை வெளியே கொண்டுவா, முனிசிபாலிட்டிக்குப் போன் போடு, யாரும் அடிக்கக் கூடாது. அதைப் படித்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியவன் போர்மேன், அதாவது நான். ஆனால் போன் போட்டால் ஆள் வருவதற்குள் அரைநாள் போய்விடும். அரைநாள் போனால் மேடம் முகம் சுளிப்பார் என்று எனக்குப் பட்டது. பாம்புக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றவன் காளிமுத்து.

"என்னடா வேடிக்க பாத்துக்கிட்டு? ஒரே போடு போடு" என்றேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, நான் வந்து..."

"யல்லா, யல்லா! வளைக்குள்ள போயிரும்டா!"

போட்டான். பாம்பு இரண்டு துண்டானது. வாளியில் அள்ளி வெளியே மண்குவியலில் புதைக்கச் சொல்லி, வேலையைத் தொடர்ந்தோம். பயந்துதான் தயங்கினான் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு என்ன பயம் என்று கேலி வேறு செய்தேன்.

அவனுக்குப் பயம் பாம்பின் மேல் இல்லை. ஊரில் அவன் பெண்டாட்டி ஏழு மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தங்கியது. அந்தச் சேதி வந்த அன்று ரூம் ரூமாகப் போய் மைசூர்பாகு கொடுத்தான், நானும் இரண்டு துண்டு வாங்கித் தின்றேன். மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் ஓர் உயிரைக் கொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? நினைவில் இல்லை, அவ்வளவுதான். பதினாலு பேரை வேலை வாங்குகிறவன், பதினாலு பேர் வீட்டிலும் என்ன நடக்கிறது என்பதை மண்டையில் வைத்திருக்க வேண்டும். நான் சீசன் கணக்கை மட்டும் வைத்திருந்தேன்.

மறுநாள் வியாழன். பாம்பை அடித்த அதே இடத்தில், ஒரு முழம் கீழே, ஒரு பானை வந்தது. அதன் கழுத்தைச் சுற்றிக் களிமண்ணால் ஒரு பாம்பு ஒட்டியிருந்தது, உடம்பெல்லாம் புள்ளி வைத்து. மேடம் மண்ணிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். பாம்பைக் கும்பிட்டவர்கள், இது கோயில், இந்த மேடையில்தான் ஏதோ செய்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் ஆட்கள் பானையைப் பார்த்தார்கள், காளிமுத்துவைப் பார்த்தார்கள். அன்றைக்கு மதியம் அவன் சாப்பிடவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை லீவு. சனிக்கிழமை காலை, மேடையின் மேல் கிடந்த மணலை மேடமே தூரிகையால் தள்ளினார். மேடை நடுவில் உள்ளங்கை அளவு ஒரு குழி இருந்தது. குழிக்குள் வெள்ளையாகக் காய்ந்துபோன படிவு. "ஊற்றியிருக்கிறார்கள்!" என்று கத்தினார். "எதையோ ஊற்றியிருக்கிறார்கள்! பாலாகக்கூட இருக்கலாம்!" நான் திரும்பிப் பார்த்தேன். மண் வாளி தூக்கிக்கொண்டு வந்த காளிமுத்து, வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மண் சலிக்கிற பெரிய சல்லடைக்குப் பின்னால் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"வையாதீங்கண்ணே" என்றான். "நேத்து வெள்ளிக்கெழம காலைல வந்தேன். வாட்ச்மேன் பாய்ட்ட துண்ட மறந்து வச்சுட்டேன்னு சொல்லிட்டு உள்ள போனேன். கிராசரில பால் பாக்கெட்டும் ரெண்டு முட்டையும் வாங்கிட்டுப் போயி, முட்டைய வச்சுக் கும்புட்டு, பால ஊத்துனேன். முட்டையத் திரும்ப எடுத்துட்டு வந்துட்டேண்ணே. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மணலப் போட்டு மூடிட்டேன்."

"ஏன்டா, அது விரியன்டா. நல்ல பாம்புகூட இல்ல."

"விரியனோ நல்லதோ, வயித்துப்புள்ளக்காரி புருசன் அடிக்கக் கூடாதுண்ணே. அடிச்ச எடத்துலயே மறுநா அந்தப் பானை வருது. நான் வேற எங்கண்ணே போவேன்? இங்க நமக்குன்னு ஒரு புத்து இருக்கா, கோயில் இருக்கா?"

போய் வேலையைப் பார் என்றேன். அன்றே, அந்த நிமிஷமே மேடத்திடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. படிவைச் சுரண்டி, வெள்ளித்தாளில் சுற்றி, தேதி எழுதி, பெட்டிக்குள் வைக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தேன். செவ்வாய்க்கிழமை தன் நாட்டுக்குப் பறக்கும் குழு ஆள் ஒருவர் கையில் அதைப் பரிசோதனைக்குக் கொடுத்தனுப்புவதாகப் பேச்சு. திங்கட்கிழமை அரசாங்க இலாகாவிலிருந்து அதிகாரி வருகிறார், அவரிடம் சொல்லப்போவதாகவும் பேச்சு. தண்ணீர்ப் பங்கு வாங்குகிறவர்கள் இந்த மேடையில் பால் ஊற்றி, பாம்பின் முன்னால் சத்தியம் செய்திருப்பார்கள் என்று ஞாயிறு முழுக்க மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். விதி, சாமி, தலைவன் மூன்றையும் இணைக்கிற முடிச்சு அவருக்குக் கிடைத்துவிட்டது. அந்த முடிச்சு பாக்கெட் பாலில் போட்டது என்று எனக்கும் காளிமுத்துவுக்கும்தான் தெரியும்.

நான் ஞாயிறு முழுக்க மென்று முழுங்கினேன். சொன்னால் காளிமுத்துவின் வேலை போகும். சொல்லாவிட்டால் மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய ஜனங்கள் பேரில் ஒரு பொய் அச்சாகும். செத்துப்போனவர்கள் மறுத்துப் பேச வர மாட்டார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவன் மனசில் எழுதிவைக்க வேண்டிய ஒரே பாடம் அதுதான். திங்கள் காலை, அதிகாரியின் கார் தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்த பிறகு, மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

அவர் பெட்டியைத் திறந்து, வெள்ளித்தாள் பொட்டலத்தை எடுத்து, குப்பை வாளியில் போட்டார். "இரண்டு நாள் தாமதம். ஆனாலும் சொன்னீர்களே" என்றார். காரிலிருந்து இறங்கிய அதிகாரியிடமும் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். மறைத்திருக்கலாமே என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

கேபினுக்குள் நாலு பேர். மேடம், அதிகாரி, காளிமுத்து, நான். காளிமுத்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஜல்தி, அச்சா, மாஃபி தவிர வேறு பாஷை தெரியாது. அவர்கள் ஆங்கிலத்தில் கேட்பதை நான் தமிழில் சொல்ல வேண்டும், அவன் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அந்த அறையில் மூன்று பேருக்கும் காது நான், வாயும் நான்.

அதிகாரி இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். ஏன் பால் ஊற்றினாய் என்று கேட்டார். காளிமுத்து சொன்னான், நான் பெயர்த்தேன். பிள்ளை விஷயத்தைக் கேட்டதும் அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

பிறகு அதிகாரி மேடத்திடம் சொன்னது இது. பால் ஊற்றியதை அந்த மனிதனின் பயம் என்று விட்டுவிடலாம், ஒரு எச்சரிக்கையோடு போகட்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் பாம்பை அடித்தது. விதி சுவரில் ஒட்டியிருக்கிறது. யாராவது அடிக்கச் சொல்லி அடித்திருந்தால் பொறுப்பு சொன்னவனுடையது, இவன் வேலையில் இருக்கலாம். இவனாக அடித்து, அதை மறைத்து, பூட்டிய இடத்துக்குள் லீவு நாளில் பொய் சொல்லி நுழைந்திருந்தால், இவனை இங்கே வைத்துக்கொள்ள முடியாது. கம்பெனிக்கு எழுதியாக வேண்டும்.

இவ்வளவையும் நான் கேட்டேன். ஒரு வார்த்தைகூட விடாமல் எனக்கு விளங்கியது. காளிமுத்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை நான் அவனுக்குத் தமிழில் சொல்லவில்லை.

மேடம் திரும்பி, "அடிக்கச் சொன்னது யார் என்று கேளுங்கள்" என்றார்.

"பாம்ப அடிக்கச் சொன்னது யாருன்னு கேக்குறாங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

காளிமுத்து என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான். "யாரும் சொல்லலண்ணே. நானாத்தான் அடிச்சேன்னு சொல்லிருங்க."

சொல்லிவிட்டேன். "யாரும் சொல்லவில்லை, அவனாகத்தான் அடித்தான்" என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னேன். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை.

எனக்கு அப்போது இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில். வீடு பாதி கட்டி நின்றது. இதையெல்லாம் ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம், நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். அவனுக்கும் காரணங்கள் இருந்தன, என்னுடையதைவிடப் பெரிய காரணங்கள். அவன் என்னைக் காப்பாற்ற முடிவு செய்ய ஒரு நொடி எடுத்துக்கொண்டான். எனக்கு அந்த ஒரு நொடியும் தேவைப்படவில்லை. மற்ற பதிமூன்று பேருக்கும் யார் சொன்னது என்று தெரியும். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை, அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. அதன் பிறகு கேம்ப்பில் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும்.

பத்து நாளில் விசா கேன்சல். ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு விமானம். நான் லீவு போட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் ரோலா கடைத்தெருவில் இறங்கி, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் துண்டு, பவுடர், சோப்பு, கொசுவலை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன். "எதுக்குண்ணே இம்புட்டு, பெட்டி தாங்காது" என்று தடுத்துக்கொண்டே வந்தான். ஏர்போர்ட் வாசலில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த அதிகாரி சொன்னதை, நான் பெயர்க்காமல் விட்டதை. அவன் பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். நான் கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொடுத்தேன், அவ்வளவுதான் செய்தேன்.

சீசன் முடிவில் மேடம் எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார். தன் ஆய்வுக்கே பாதகம் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்ன நேர்மையான மனிதர் என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒவ்வொரு வேலைக்கும் அந்தக் கடிதம்தான் கதவைத் திறந்தது. வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. நீங்கள் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துத் தேடிவந்தீர்களே, அந்தப் பேரும் அதிலிருந்து வந்ததுதான்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான், அதையும் சலிப்போடுதான் சொல்கிறேன், ஏனென்றால் சொல்வதால் யாரும் திருந்துவதில்லை, நான் திருந்தவில்லை. நாளைக்கு நீங்களும் நாலு பேருக்கு உத்தரவு போடுவீர்கள். போட்ட உத்தரவை அன்றைக்கே, அந்த இடத்திலேயே, என்னுடையது என்று சொல்லிவிடுங்கள். அடுத்த நாள் அது இரண்டு மடங்கு கனக்கும். ஒரு வாரம் விட்டால் தூக்கவே முடியாது. பாதி உண்மையைச் சொல்லி நல்ல பேர் வாங்குவது வெகு சுலபம், அதனால்தான் அதைப் பார்த்துப் பயப்படச் சொல்கிறேன். பழைய கட்டடங்களில் இது கோயில், இது கச்சேரி, இது தலைவன் இடம் என்று பிரித்துப் பிரித்து எழுதுவீர்கள். எழுதுங்கள். யாரோ ஒருவன் சொல்லி யாரோ ஒருவன் செய்ததுதான் அங்கே கிடக்கும் எல்லாமும். செய்தவன் கை பட்ட தடம் மண்ணில் கிடைக்கும், சொன்னவனுடையது கிடைக்காது.

அவன் ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து, வேறொரு சைட்டில் மத்தியானச் சோற்றுக்கு உட்காரும் நேரம், காளிமுத்துவிடமிருந்து போன்.

"அண்ணே, பொம்பளப் புள்ள. கையி காலு எல்லாம் நல்லாருக்குண்ணே. மூணு கிலோவாம்."

சந்தோஷம்டா, சந்தோஷம்டா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை என்ன செய்கிறாய் என்று கேட்டேன். கருவேலம் விறகு வெட்டிக் கரிமூட்டம் போடுகிற வேலைக்குப் போவதாகச் சொன்னான். பிறகு அவனே கேட்டான்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலயேண்ணே? ஒடம்புக்கு, வீட்ல புள்ளைகளுக்கு?"

"எனக்கு என்னடா ஆகணும்?"

"இல்லண்ணே, அடிச்சது நான்னாலும் சொன்னது நீங்கள்ல. பாவம் ஒங்கமேலயும் வருமேன்னு பயந்து, அன்னிக்குப் பால் ஊத்தும்போது ஒங்க பேரையும் சேத்துச் சொல்லித்தான் ஊத்துனேன். அதச் சொல்ல மறந்துட்டேன். நீங்க பயப்படாம இருங்க."

கேபினில் அவன் யாரிடமும் சொல்லாத என் பெயரை, அதற்கு மூன்று நாள் முந்தியே பாம்பிடம் சொல்லியிருக்கிறான். எனக்காக மன்னிப்பும் கேட்டிருக்கிறான். "சரிடா" என்று சொல்லிப் போனை வைத்தேன். சோற்றுத் தட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.